சுட்ட மண்ணும் சுண்ணாம்பும்: வீடு கட்டும் சரக்குகளில் புதிய ஆராய்ச்சி

(கூட்டுறவு வீடு கட்டும் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. குடியானவன் தன் ஆயுளில் ஏற்கும் பெருஞ்செலவுகள் இவ்விரண்டுமே. கலியாணத்தின் செலவு சில நாட்களில் தெரிந்துவிடும். வீட்டின் செலவு அவ்வாறன்று. கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குத் தவணை பத்து ஆண்டும் இருபது ஆண்டும் ஓடுகிறது. அத்தவணை முடியுமுன் சுவரில் வெடிப்புக் கண்டு, கூரையின் காரை பெயர்ந்து, உள்ளிருக்கும் கம்பி துருவேறி வெளியே தோன்றுமாயின், அவன் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரிடும். கடன் தீருமுன் வீடு தீர்ந்துவிடலாகாது. ஆதலால் சுவரிலும் கூரையிலும் சேரும் சரக்கு எது, அது எவ்வாறு இறுகுகிறது, எதனால் கெடுகிறது என்னும் விஷயங்கள் கட்டட நிபுணர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

இச்சரக்குகளைப் பற்றிப் பல நாட்டு ஆராய்ச்சிசாலைகளில் இக்காலத்தில் தீவிரமான பரிசோதனைகள் நடந்து வருகின்றன. அவற்றின் முடிவுகளுள் கிராமத்துக்கு உபயோகமானவை எவை, எச்சரிக்கையோடு ஏற்க வேண்டியவை எவை என்பதை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

சிமெண்டும் அதன் குறையும்

சிமெண்டு மூட்டை இறங்காமல் கட்டப்படும் வீடு இன்று சிற்றூரிலும் அரிது. ஆயினும் சிமெண்டு இந்நாட்டுக்குப் பழமையான சரக்கன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 1824ஆம் ஆண்டில் போர்ட்லண்டு சிமெண்டு என்ற பெயரால் உரிமைப் பட்டயம் பெற்றார். இந்தியாவில் 1904ஆம் ஆண்டில் சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே 1904ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு நினைக்கத் தக்கது. 1914ஆம் ஆண்டில் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பிறகே இத்தொழில் வேரூன்றிற்று. இன்று இந்தியா ஆண்டொன்றுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் சிமெண்டு செய்கிறது. இதில் இந்தியாவை மிஞ்சிய தேசம் சீனம் ஒன்றே.

சிமெண்டு செய்யும் முறை சுருக்கமாக இது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் பொடித்துக் கலந்து, சுழலும் சூளையில் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுடுகிறார்கள். அதிலிருந்து கருமையான உருண்டைகள் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதனுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு.

இம்முறையில் ஒரு குறை இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்பொழுது அதனுள் அடங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. அடுப்பில் எரியும் நிலக்கரியிலிருந்து வரும் வாயு வேறு. இது கல்லிலிருந்தே வருவது. அடுப்புக்கு எந்த விறகை மாற்றினாலும் இவ்வாயுவைத் தடுக்க இயலாது. மனிதர்களின் செயலால் ஆகாயத்தில் சேரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவிகிதம் சிமெண்டுத் தொழிலினால் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வாயு மிகுந்து பூமியின் உஷ்ணம் ஏறுவதனால் வெயில் கடுமையாவதும், பெருமழை ஒரே நாளில் கொட்டுவதும் முதலில் தாக்குவது பயிரிடுபவனையே. ஆகவே கிளிங்கரைக் குறைத்துச் சிமெண்டின் பலத்தைக் குறைக்காமலிருக்க வழி உண்டா என்பதே விஞ்ஞானிகள் ஆராய்ந்த கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகளுள் முக்கியமான ஒன்று, நம் முன்னோர் காலத்துக் கொத்தனார் அறிந்திருந்த சுட்ட மண்ணே என்பது ஆச்சரியமான செய்தி.

பழைய சுர்க்கியின் இரகசியம்

சிமெண்டு வருமுன் பெருங்கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையைப் பயன்படுத்தினார்கள். சுர்க்கி என்பது செங்கல்லை இடித்துச் சலித்த தூள். வட்டமான பள்ளத்தில் மாடு இழுக்கும் கல்லுருளையால் அக்காரையை அரைத்துப் பக்குவம் செய்தார்கள். பென்னிகுவிக் துரையின் மேற்பார்வையில் 1887ஆம் ஆண்டில் தொடங்கி 1895ஆம் ஆண்டில் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை இத்தகைய சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையால் எழுந்ததே. அதைப் பின்னர் சிமெண்டுக் கான்கிரீட்டாலும் இரும்பு வடங்களாலும் பலப்படுத்தியிருக்கிறார்கள் என்பது உண்மை. எனினும் முதலில் நீரைத் தாங்கியது சுர்க்கிக் காரையேயாகும்.

வெறுஞ் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். நீருக்குள் அது நன்றாக இறுகாது. சுர்க்கி சேர்ந்த காரை நீரிலும் இறுகும். இதற்குக் காரணம் யாதெனில், களிமண்ணைப் பக்குவமான சூட்டில் சுடும்பொழுது அதன் அணுக்களோடு பிணைந்திருந்த நீர் நீங்கி, மண்ணின் கட்டுக் குலைகிறது. அந்நிலையில் உள்ள மண் சுண்ணாம்போடு எளிதாகச் சேர்ந்து, கல்லையும் மணலையும் பிணைக்கும் ஒருவகைப் பசையாக மாறுகிறது. சூடு அளவு கடந்துவிட்டால் மண் மறுபடியும் கெட்டியான வேறு உருவம் கொண்டு, சுண்ணாம்போடு சேரும் குணத்தை இழந்துவிடுகிறது. அதிகமாக வெந்து கறுத்துப் போன கல்லைச் சுர்க்கிக்கு இடிக்கலாகாது என்று பழைய மேஸ்திரிகள் சொன்னதன் உட்பொருள் இதுவே. அவர்கள் அனுபவத்தால் அறிந்ததற்கு ஆராய்ச்சி காரணம் கூறியது.

ரோமர்கள் நேபிள்ஸ் நகரத்துக்கு அருகில் கிடைத்த எரிமலைச் சாம்பலை இதே காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கட்டப்பெற்ற பாந்தியன் ஆலயத்தின் கம்பியில்லாக் கான்கிரீட்டு விமானம் இன்றும் நிற்கிறது. ரோமர்களின் காரையில் காணப்படும் சிறு வெண்கட்டிகளைச் சரியாகக் கலக்காததால் விளைந்த குற்றம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2023ஆம் ஆண்டில் வேறு முடிவை வெளியிட்டார்கள். நீற்றாத சுண்ணாம்பையே சாம்பலோடு சேர்த்துக் கலந்ததால் அக்கட்டிகள் உண்டாயின என்றும், சுவரில் வெடிப்புக் கண்டு நீர் புகும்பொழுது அவை கரைந்து, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து வெடிப்பை அடைக்கின்றன என்றும் அவர்கள் காட்டினார்கள். அவர்கள் அம்முறையில் செய்த கான்கிரீட்டில் அரை மில்லிமீட்டர் வெடிப்பு இரண்டு வாரத்தில் அடைபட்டது. இதைக் கேட்டு எவரும் நீற்றாத சுண்ணாம்பை வீட்டுக் கலவையில் போட்டுவிட வேண்டாம். அது நீர் பட்டதும் கொதித்துக் கண்ணையும் தோலையும் வேகச் செய்யும். அளவும் முறையும் வகுக்கப்படும் வரையில் அது ஆராய்ச்சிசாலைக்கே உரியது.

சுட்ட களிமண் சிமெண்டு

சுர்க்கியின் தத்துவத்தைச் சிமெண்டுக்குப் பொருத்தியவர்கள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துக் கேரன் ஸ்கிரிவனர் அம்மையார், கியூபா தேசத்து பெர்னாண்டோ மார்டிரேனா முதலிய விஞ்ஞானிகள். டில்லி, சென்னை, பம்பாய் ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இவ்வாராய்ச்சியில் முக்கிய பங்கு கொண்டன. அவர்கள் கண்ட சிமெண்டில் நூற்றுக்கு 50 பங்கு கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக் கல் தூள், 5 பங்கு ஜிப்சம் இருக்கும்.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி உஷ்ணம் போதுமானது. கிளிங்கருக்கு வேண்டிய சூட்டில் ஏறக்குறைய பாதி. களிமண்ணிலிருந்து நீங்குவது நீராவியேயன்றிக் கரியமில வாயு அன்று. இதனால் வெளியேறும் வாயு 30 முதல் 40 சதவிகிதம் வரை குறைகிறது. இரண்டாவது, இதற்கு உயர்ந்த சாதிக் களிமண் தேவையில்லை. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் வெண்மையான களி வேண்டும். சிமெண்டுக்கோ அதிலுள்ள கயோலின் என்னும் பொருள் 40 சதவிகிதம் இருந்தால் போதும். நிறம் சிவந்திருந்தாலும் குற்றமில்லை. பிற சுரங்கங்களில் வேண்டாமென்று ஒதுக்கிய மண்ணும் உதவும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் மண்ணில் இவ்வகைக் களி உண்டு.

நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டு பல ஆண்டுகளாகவே விற்பனையில் இருக்கிறது. அச்சாம்பலும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் தன்மை உடையதே. ஆனால் நிலக்கரி எரிப்பது குறையக் குறையச் சாம்பலும் குறைந்துவிடும். களிமண்ணோ தேசமெங்கும் உள்ளது. கியூபாவில் 2013ஆம் ஆண்டில் தொழிற்சாலையிலேயே இச்சிமெண்டைச் செய்து பார்த்தார்கள். இந்தியாவில் ஜான்சி அருகே இதைக்கொண்டு ஒரு மாதிரி வீடு எழுப்பினார்கள். 2023ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 18189 என்னும் எண்ணுள்ள தரவிதியை இதற்கென வெளியிட்டது. தரவிதி பிறந்த பிறகே ஒரு சரக்கு ஆராய்ச்சிசாலையை விட்டுக் கடைத்தெருவுக்கு வரத் தகுதி பெறுகிறது என்பதை வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பியும் துருவும்

கடற்கரைக் கிராமங்களில் கான்கிரீட்டு வீடுகள் சீக்கிரம் கெடுவதன் காரணம் உப்பு. கான்கிரீட்டின் கார குணம் கம்பியின்மேல் மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்குகிறது. உப்பு உள்ளே நுழைந்தால் அக்காப்பு அழிகிறது. கம்பி துருவேறினால் பருக்கும். பருத்தால் மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். காரைக்குடியில் அமைந்துள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துருவின் தன்மையையும், கம்பிக்குப் பூச வேண்டிய காப்புகளையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது.

சுட்ட களிமண் சிமெண்டால் செய்த கான்கிரீட்டில் நுண்துளைகள் மிகச் சிறியவை. ஆகையால் உப்பு அதில் மிக மெதுவாகவே ஊடுருவுகிறது. கடற்கரைவாசிகளுக்கு இது பெரிய லாபம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. களிமண் தன் இறுக்கத்துக்காகக் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைச் செலவழித்துவிடுவதால், கம்பிக்குக் காவலாக நிற்கும் கார குணம் சற்றுக் குறைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அதை விரைவில் தேய்க்கக்கூடும். முதல் நாட்களில் ஏறும் பலமும் சாதாரண சிமெண்டைவிடக் குறைவு. கலவை சற்று இறுக்கமாக இருப்பதால் தொழிலாளர் நீரை மிகுதியாக ஊற்ற முற்படுவார்கள். இம்மூன்று குறைகளுக்கும் மருந்து ஒன்றே: நீரை அளந்து விடுதல், கம்பிக்கு மேல் போதிய கனம் விடுதல், கட்டியபின் நாள் குறையாமல் நனைத்தல். புதிய சரக்கு பழைய சோம்பலை மன்னிப்பதில்லை.

சூளையில்லாக் கல்

சிமெண்டைப் போலவே செங்கல்லிலும் கவனிக்க வேண்டியது உண்டு. சூளைக்காக வயலின் மேல்மண்ணை வெட்டி விற்பவன், பல தலைமுறைகள் சேர்த்த உரத்தை ஒரு பருவத்தில் விற்றுவிடுகிறான். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1974ஆம் ஆண்டில் கிராமத் தொழில்நுட்பத்துக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, சுடாத மண் கல்லைப் பற்றி ஆராய்ந்தார்கள். சலித்த செம்மண்ணில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்டு சேர்த்து, ஈரம் தெளித்து, கையால் அழுத்தும் யந்திரத்தில் வைத்துக் கல்லாக அமுக்குவதே முறை. விறகு வேண்டாம். சூளை வேண்டாம். கற்களை அடுக்கி, வைக்கோலால் மூடி, 3 அல்லது 4 வாரம் நனைத்து வந்தால் சுவருக்குத் தயார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் இவ்வகைக் கற்களால் கட்டிய கட்டடங்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. மேல்மண் ஆகாது, அது பயிருக்கு உரியது. கடைக்கால் தோண்டும்பொழுது கீழே கிடைக்கும் செம்மண்ணே உத்தமம். கரிசல் மண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குவதால் சிமெண்டு மட்டும் சேர்த்துப் பயனில்லை. பீடம் வரையில் கருங்கல் இட்டு, கூரையின் இறப்பு சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். நனைந்த கல்லின் பலமே உண்மையான பலம். ஆகையால் கல்லை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்த பிறகே சோதிக்க வேண்டும்.

ஆசையும் எச்சரிக்கையும்

இவையன்றி வேறு பல ஆராய்ச்சிகளும் நடந்து வருகின்றன. ஹாலந்து தேசத்து டெல்ப்டு நகரில் ஹெங்க் யோங்கர்ஸ் என்பவர், கான்கிரீட்டுக்குள் உறங்கும் நுண்ணுயிர்களை வைத்து, வெடிப்பில் நீர் புகும்பொழுது அவை விழித்துச் சுண்ணாம்புக் கல்லைச் சுரக்கச் செய்யும் முறையைக் கண்டார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2021ஆம் ஆண்டில் யந்திரமே கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து எழுப்பிய 600 சதுர அடி வீடு ஒன்று திறக்கப்பட்டது. இவை அறிந்து மகிழத் தக்கவை. ஆனால் கிராமத்தில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை தரும் வீடும், பழுது நேர்ந்தால் உள்ளூரிலேயே செப்பனிடத் தக்க வீடுமே இன்றைய தேவை.

விஞ்ஞானத்தின் பெயரால் விற்கப்படுவதெல்லாம் நன்மை பயப்பதன்று என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஓர் எச்சரிக்கை. மலிவு, தீப்பிடிக்காது, செல்லரிக்காது என்று புகழ்ந்து கூரைகளில் ஏற்றினார்கள். அதன் நுண்ணிழைகள் மூச்சோடு உட்சென்று பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னர் நிச்சயமாயிற்று. 60க்கு மேற்பட்ட தேசங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. இப்பொழுது கூரையில் அத்தகடு உள்ளவர்கள் அதை அறுக்கவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது. அகற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

கிராமத்தார் செய்ய வேண்டியது

எத்தகைய சிமெண்டு வந்தாலும் சில விதிகள் மாறா. அவற்றைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

1. நீரை வாளிக் கணக்கின்றி ஊற்றக் கூடாது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கான்கிரீட்டில் 25 முதல் 30 லிட்டர் நீர் போதும். மணல் ஈரமாயிருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். அதிகமாகும் நீர் பின்னர் ஆவியாகி, அது இருந்த இடம் துளையாகிறது.

2. சாதாரண சிமெண்டாயின் 7 நாட்களுக்குக் குறையாமலும், சாம்பலோ களிமண்ணோ கலந்த சிமெண்டாயின் 10 நாட்களுக்குக் குறையாமலும், கூடுமானால் 14 நாட்களும் நனைக்க வேண்டும். கோடையில் ஈரச் சாக்கால் மூடுவது நலம்.

3. சிமெண்டைப் பலகைமேல் சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது.

4. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மேலே உப்புநீரும் இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மணலின்மேல் வண்டல் படியும். அவ்வண்டல் மணலில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்பட்டால் அம்மணல் கழுவாமல் உதவாது.

5. செங்கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவிட்டு மறுபடி நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடலாகாது.

இச்சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு தராசு, ஒரு பாட்டில், ஒரு தொட்டி, இவ்வளவே. தனி மனிதன் மண் கல் யந்திரத்தை வாங்க இயலாது. நூறு வீடு கட்டும் சங்கம் வாங்கலாம். தனி மனிதன் தன் சிமெண்டைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பிச் சோதிக்க முற்படமாட்டான். சங்கம் நூறு பேருக்காக ஒரு முறை அனுப்பலாம். கடன் தவணையைக் கொடுக்குமுன் அஸ்திவாரத்தைப் பார்க்கும் பஞ்சாயத்தார், மணல் பாட்டிலையும் நனைத்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், சங்கத்தின் பணமும் அங்கத்தினரின் வீடும் ஒருங்கே காக்கப்படும். ஊரிலுள்ள முதிய கொத்தனார்களையும் இவ்விஷயத்தில் மறத்தலாகாது. சுண்ணாம்பு நீற்றும் பதமும், கல் வெந்த பக்குவமும் அவர்கள் கையில் இருக்கின்றன. அவர்கள் காலத்தோடு அவ்வறிவு மறைந்துவிட்டால், அதை மறுபடி கண்டுபிடிக்கப் பெருஞ்செலவும் நெடுங்காலமும் வேண்டியிருக்கும். இளைஞர் அவர்களிடம் சென்று கேட்டுக் குறித்து வைத்தல் அவசியம்.

சுட்ட மண் சுண்ணாம்போடு சேர்ந்தால் நீரிலும் இறுகும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அது ஏன் இறுகுகிறது, எவ்வளவு சேர்த்தால் நன்மை, எங்கே தீமை என்பதை ஆராய்ச்சி அறிவித்திருக்கிறது. அளந்து, கலந்து, நனைத்துக் காக்கும் பொறுப்பு வீடு கட்டுவோரைச் சேர்ந்தது. அதை ஒவ்வொருவரும் தனித்துச் செய்வதினும் சங்கமாகச் சேர்ந்து செய்தல் எளிது. அவ்வாறு செய்தால் கடைசித் தவணை செலுத்தும் நாளில், ரசீதைக் கையில் பெற்றுத் திரும்பும் குடியானவன் வெடிப்பில்லாத சுவரையும் ஒழுகாத கூரையையும் உடைய வீட்டுக்குள் நுழைவான்.